காரின் நெற்றியில் ஒரு மல்லாட்டை

இந்த வாரத்தோடு பின்பக்க மேசையை உங்கள் மூன்று பேரிடமும் விட்டுவிட்டுக் கிளம்புகிறேன். ஓரகடம் பக்கம் வண்டி விளக்கு செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. "முப்பது வயசுல ரிட்டையர் ஆவற மொத ஆளு இவன்தான்" என்று ஓனர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ரிட்டையர் ஆகிறவர்கள் போகும்போது நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே போவார்கள்? வாயால் சொல்லலாம் என்றால் முன்பக்கம் யாராவது ஹாரன் மாட்டி அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எந்த வாக்கியமும் முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சாலிடரிங் வைப்பது எப்படி, எத்தனை ஓம் ரெசிஸ்டர் போடுவது என்றெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் போனே சொல்லும். என்னைவிடப் பொறுமையாகவே சொல்லும். நான் சொல்லப்போவது நம்மிடம் வருகிற மனிதர்களைப் பற்றி. விழுப்புரத்தில் இந்தக் கடைக்கு வருகிறவர்கள் சீட் கவர் கேட்பார்கள், ஸ்டீரியோ கேட்பார்கள். பின்பக்கம் வரை வருகிறவர்கள் மட்டும் வேறு ஒன்று கேட்பார்கள். கார் மூக்கில் கம்பெனி எம்ப்ளம் இருக்கிற இடத்தில் தன்னுடைய அடையாளம் எரிய வேண்டும். வேல், சிலுவை, பிறை, சிங்கம், பெண் குழந்தை பேரின் முதல் எழுத்து. எதைச் செய்து கொடுத்தாலும் முதலில் ஒரே பதில்தான் வரும்: "வெளிச்சம் பத்தலியே தம்பி." பட்டப்பகலில் கடை வாசலில் நின்றுகொண்டு, சூரியனோடு ஒப்பிட்டு, வெளிச்சம் பத்தவில்லை என்பார்கள். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். நான் கடித்துக் கடித்துத் தேய்ந்தவன்.

இரண்டாயிரத்துப் பதினாலு வாக்கில், நான் டிப்ளமா முடித்துவிட்டு இங்கே சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தபோது, ஏழுமலை அண்ணன் வந்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது வயதிருக்கும். அதுவரை ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தவர். சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். முன்பக்கக் கிரில்லில் எம்ப்ளம் இல்லை. யாரோ பிடுங்கிப் போயிருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம்.

"இன்னா போடணும்ண்ணா?" என்றேன்.

"மல்லாட்டை."

"இன்னாது?"

"மல்லாட்டை தம்பி. ரெண்டு கொட்டை வச்சது."

பாடப் புத்தகத்தில் நிலக்கடலை என்று படித்ததைத்தான் கேட்கிறார். கல்லாவிலிருந்து ஓனர் எட்டிப் பார்த்தார். "ஏம்பா ஏழுமலை, வறுத்ததா, வேவிச்சதா?"

"எரியறது மொதலாளி" என்றார் அவர், சிரிக்காமல்.

நான் சிங்கம் போடலாம் என்றேன், கழுகு போடலாம் என்றேன். போனில் படம் படமாகக் காட்டினேன். மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தார். "நல்லாக்கீது தம்பி. மல்லாட்டை போடு" என்றார். அப்புறம்தான் காரணம் வந்தது. "எங்க அம்மா அடுத்தவங்க கொல்லியில மல்லாட்டை புடுங்கி, ஊட்டாண்ட கூலிக்கு மல்லாட்டை உரிச்சி, கட்டை வெரல் நகமே தேஞ்சி பூட்ச்சி. எனக்கு லைசென்சு எடுத்துக் குடுத்தது அந்த நகந்தான். சிங்கம் இன்னா பண்ணுச்சி எனக்கு?"

போனை எடுத்துப் பையில் போட்டேன்.

மூன்றே நாளில் வேண்டும் என்றார். எதற்கு அவசரம் என்று கேட்டேன். தங்கை சுமதிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. பெண்ணைக் காரில் உட்காரவைத்து, மேளத்தோடு, அவர்கள் தெருவிலிருந்து திண்டிவனத்து மண்டபம் வரை அழைத்துப் போக வேண்டும்.

"எங்க தெருவுலேர்ந்து பொண்ணுங்க எல்லாம் வாடகை வண்டியிலதான் போயிருக்குது. எங்க சித்தி பொண்ணு டெம்போவுல நின்னுக்கினே போச்சி. நம்ம தெருக் காருல போற மொதப் பொண்ணு என் தங்கச்சி. நான் எத்தினியோ கல்யாணத்துக்குக் கார் ஓட்டிக்கிறேன் தம்பி. அல்லாம் அடுத்தவங்க காரு, அடுத்தவங்க எம்ப்ளம்." கிரில்லில் இருந்த பள்ளத்தைத் தடவினார். "நான் ஓட்டின ஊட்டுக்காரங்களும் வர்றாங்க. உனக்கெதுக்குடா காருன்னு கேட்டவங்க. அது எரிஞ்சிக்கினே மண்டபத்து வாசல் வரிக்கும் போவணும். நடுவுல மட்டும் அணையக் கூடாது."

எரிய வேண்டும், அணையக் கூடாது. அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். எனக்கு அது மிகச் சின்ன வேலையாகத் தெரிந்தது.

வரைய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மல்லாட்டையை விட மோசமான உருவம் உலகத்தில் இல்லை என்று. முதலில் வரைந்தது கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தது. இரண்டாவதைப் பார்த்து ஓனர், "யாருக்குடா பல்லி புடிச்சிருக்கு?" என்றார். மூன்றாவதைப் பார்க்க ஏழுமலை அண்ணன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். சுமதி திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவர். கல்யாணப் பெண் என்ற கூச்சமெல்லாம் கிடையாது. காகிதத்தைக் கையில் வாங்கி ஒரு பார்வை.

"அண்ணா, இது மல்லாட்டை இல்ல. எட்டு. இத முன்னாடி மாட்டிக்கினு போனா எட்டாம் நம்பர் பஸ்ஸுன்னு கைய காட்டுவாங்க."

"இடுப்பு இருக்குதில்ல? மல்லாட்டைக்கும் இடுப்பு இருக்கும்."

"மூக்கு எங்க?" என்று கைப்பையிலிருந்து நாலு காயை எடுத்து என் மேசைமேல் கொட்டினார். உண்மைதான். ஒரு முனையில் கிளிமூக்கு மாதிரிச் சின்ன வளைவு. அதை வரைந்ததும் எட்டு போய் மல்லாட்டை வந்துவிட்டது. உடனே அடுத்த பஞ்சாயத்து: மூக்கு எந்தப் பக்கம் பார்ப்பது? அண்ணனும் தங்கையும் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பி அரைமணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஏழுமலை அண்ணன் தீர்ப்புச் சொன்னார்: "சோத்தாங்கைப் பக்கம் பாக்கட்டும். அதான் நல்லது." வலது பக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

அந்த வேலையை நான் அழகாகவே செய்தேன். தன்னடக்கம் எல்லாம் உங்களுக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம். பால் வெள்ளை அக்ரிலிக்கில் ஓட்டின் வலைக் கோடுகளை ஆழமாகச் செதுக்கி, கோடு வழியாக மட்டும் மஞ்சள் வெளிச்சம் கசிகிற மாதிரி வைத்தேன். உள்ளே இருக்கிற எல்.இ.டி. புள்ளி புள்ளியாகத் தெரியவில்லை. பார்க்கிங் லைட் சுவிட்சைப் போட்டால் அதுவும் எரியும். வாளித் தண்ணீரில் முக்கி வைத்தேன், எரிந்தது. பக்கத்து வாட்டர் சர்வீஸில் பைப்பை வாங்கி அதன் முகத்துக்கு நேராக அடித்தேன், எரிந்தது. மழை, சேறு, வெயில், குலுக்கல் என்று ஒரு காருக்கு என்னென்ன வரும் என்று படித்திருந்தேனோ அத்தனைக்கும் தயார் செய்துதான் மாட்டி அனுப்பினேன். ஏழுமலை அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "வெளிச்சம் இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். நான் காதில் வாங்கவில்லை.

வியாழக்கிழமை கார் திரும்பி வந்தது. மல்லாட்டையில் பாதி எரியவில்லை. மீதிப் பாதி மினுக்கிக்கொண்டிருந்தது. செதுக்கின கோடுகள் முழுக்கச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கீழ் விளிம்பு வளைந்து, ஒட்டின இடம் வாய் திறந்திருந்தது. உள்ளேயிருந்து பன்னீர் வாசனை வந்தது.

"இன்னாண்ணா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல தம்பி. திருவாமாத்தூர் கோயிலுக்கு எட்த்துக்கினு போய் பூஜை போட்டேன். வேற ஒண்ணும் பண்ணல."

வேறு ஒன்றும் பண்ணவில்லையாம். சந்தனத்தைக் குழைத்து அப்பியிருக்கிறார்கள். மாலையை அதன் மேலேயே கட்டியிருக்கிறார்கள். கற்பூரத் தட்டை மூக்குக்கு நேராகப் பிடித்து நின்று நிதானமாகக் காட்டியிருக்கிறார்கள். சூட்டில் அக்ரிலிக் இளகி விளிம்பு பிரிந்திருக்கிறது. பிரிந்த வாயில் பன்னீர்ச் சொம்பைத் தெளித்திருக்கிறார்கள்.

"எம்ப்ளத்துக்கு எதுக்குண்ணா சந்தனம்?" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கோபமில்லை. இவனுக்கு உடம்புக்கு ஏதாவதா என்கிற பார்வை. "பின்ன எங்க தம்பி வைப்பாங்க? நெத்தியில வைக்காம முதுகுலயா வைப்பாங்க?"

யோசித்துப் பாருங்கள். இது எனக்குத் தெரியாத சங்கதியா? என் வீட்டு ஸ்கூட்டருக்கு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நானே பேர் எழுதியிருக்கிற இடத்தில்தான் பொட்டு வைப்பேன். இந்த ஜில்லாவில் லாரி, டிராக்டர், நெல் அறுக்கிற மெஷின் எதை எடுத்தாலும் எம்ப்ளம்தான் நெற்றி. கம்பெனிக்காரன் கொடுத்த இரும்பு எம்ப்ளத்தில் சந்தனம் வைத்தால் துடைத்தால் போய்விடும்; அதனால் யாரும் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. நெற்றிக்குள் விளக்கை வைத்தது நான். வாட்டர் சர்வீஸ் பைப்பை நினைத்தவனுக்குக் கற்பூரத் தட்டு ஞாபகம் வரவில்லை. எரிச்சல் அவர்மேலா, குருக்கள்மேலா, என் காலேஜ்மேலா என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிப் போட்டேன்.

ஓனர் வந்து பார்த்தார். "இது மாதிரி இன்னொரு தடவ திரும்பி வந்துச்சின்னா பின்னாடி மேசைய எட்த்துட்டு சீட் கவர் மெஷின் போட்ருவேன். நீ ஃபோம் வெட்டிக்கினு இரு" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை.

அன்றைக்கே ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மேசைக்கு மேலே மாட்டினேன்: 'எம்ப்ளத்துக்குப் பூஜை போட்டால் கேரண்டி கிடையாது.' ஹாரன் மாற்ற வந்த ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வாய்விட்டுப் படித்தார். "இன்னா கடைடா இது! சாமிக்கே கேரண்டி இல்லன்றான்!" என்று சொல்லிவிட்டு ஹாரனே வேண்டாமென்று போய்விட்டார். ஓனர் அட்டையைக் கிழித்து என் தலைமேலேயே போட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க இன்னொரு மல்லாட்டை செய்தேன். அதே அச்சு, அதே மூக்கு. இந்த முறை உள்ளே ஒரு சொட்டு இறங்க வழி இல்லாமல் சிலிகான் ஊற்றி அடைத்தேன். தண்ணீருக்குப் பயமில்லை. நெருப்புக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அக்ரிலிக் அக்ரிலிக்தான். சனிக்கிழமை காலையில் மாட்டிக் கொடுத்துவிட்டு ஏழுமலை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, ஒரு தடவ பூஜை போட்டாச்சி. சாமிக்குத் தெரியும். இனிமே இதுல யாரும் கைய வைக்கக் கூடாது."

"சத்தியமா தம்பி. நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் போன் வந்தது. ஏழுமலை அண்ணன் இல்லை, சுமதி. கல்யாணப் பெண், நகையெல்லாம் போட்டுக்கொண்டு, எங்கேயோ மூலையில் நின்று பேசுகிற குரல்.

"அண்ணா, எங்க அத்தைங்க மூணு பேரும் காருக்கு ஆலம் கரைச்சிக்கினு இருக்காங்க. கல்பூரம், எலுமிச்சம்பழம், பூசணிக்கா எல்லாம் ரெடி. எங்க அண்ணன் வேணான்னு சொல்லிச்சி. 'பொட்டு வைக்காத வண்டியிலயாடா பொண்ண ஏத்துவ'ன்னு பெரிய அத்தை அதைப் புடிச்சி ஏசிக்கினு இருக்குது. அண்ணன் அழுவாத கொறையா நிக்குது. மேளம் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். நீங்க இன்னா பண்ணுவீங்களோ தெரியாது."

போனை வைத்துவிட்டார்.

மூன்று அத்தைகளிடம் கற்பூரத்தின் வெப்பநிலையை விளக்குவதா? விளக்கிக் காட்டின ஆள் இந்த ஊரில் பிறக்கவில்லை. எம்ப்ளத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பூஜை முடிந்ததும் மாட்டலாமா? சாந்து வைக்க இடம் தேடி அந்தப் பள்ளத்துக்குள்ளேயே கையை விட்டு ஒயரில் வைப்பார்கள். அப்போதுதான் மேசைமேல் கிடந்த முதல் மல்லாட்டை கண்ணில் பட்டது. செத்துப் போனது, விளக்கு இல்லாதது, ஆனால் அதே அளவு. இதைக் காரில் இருக்கிறதன்மேல் ஒட்டிவிட்டால்? அத்தைகள் வேண்டிய மட்டும் இதன்மேல் அப்பட்டும், கொளுத்தட்டும். எல்லாம் முடிந்ததும் பிய்த்து எடுத்துவிட்டால் உள்ளே என் மல்லாட்டை சுத்தமாக எரியும்.

சந்தனத்தைத் துடைக்கக்கூட நேரமில்லை. அதையும் தடித்த ஃபோம் டேப் ஒரு சுருளும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓனர் என் வழியை மறித்தார். சீட் கவர் மெஷின் பேச்சு வரப்போகிறது என்று நினைத்தேன். பைக் சாவியை நீட்டினார். "பஸ்ஸுக்கு நிக்காத. ஜல்தியா போ" என்றார். எனக்கு அவர் ஒன்றும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் ஏன், எதற்கு என்று கேட்டு நேரத்தைக் கொல்லாமல் சாவியை நீட்டுவது எப்படி என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன். நாளைக்கு உங்களிடம் யாராவது ஓடி வந்தால் ஞாபகம் வையுங்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கப் பந்தல், டியூப் லைட், சீரியல் செட். மேளக்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். காருக்கு முன்னால் மூன்று அத்தைகளும் தட்டோடு நின்றார்கள். நான் குறுக்கே விழுந்து, கார் முன்னால் மண்டி போட்டேன்.

"யாருடா இவன்?"

"லைட்டு தம்பி அத்தை. ஒரு நிமிசம்" என்றார் ஏழுமலை அண்ணன்.

ஃபோம் டேப்பை நாலு துண்டாகக் கிள்ளி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, உயிருள்ள மல்லாட்டைக்கு மேல் செத்த மல்லாட்டையை விரல் கனம் இடைவெளி விட்டு அழுத்தினேன். வளைந்த விளிம்பு இடிக்காமல் இருக்கத்தான் அந்த இடைவெளி, வேறு எந்த மேதாவித்தனமும் இல்லை. எழுந்து, "இப்ப பண்ணுங்க" என்றேன்.

பண்ணினார்கள். பழைய சந்தனத்தின்மேல் புதுச் சந்தனம். மூன்று பேரும் ஆளுக்கொரு பொட்டு. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். கற்பூரத்தைக் காட்டினபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆலத்தைச் சுற்றி, பாதியைக் காரின் முகத்திலேயே ஊற்றினார்கள். எல்லாம் முடிந்தது. சுமதி காரில் ஏறினார். நான் போய்ச் செத்த மல்லாட்டையில் கையை வைத்தேன்.

என் மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது. பெரிய அத்தை.

"வச்ச பொட்ட அழிப்பியா நீ? பொண்ணு வண்டியில குந்தினப்பறம்?"

"இல்லம்மா, இது சும்மா மேல ஒட்டினது. உள்ளதான் லைட்டு..."

"மேலயோ கீழயோ. பொண்ணு எறங்கற வரிக்கும் அதுல கைய வச்ச, பாரு!"

தெருவே என்னைப் பார்த்தது. ஏழுமலை அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பார்க்கிங் லைட்டைப் போட்டார். பந்தலின் டியூப் லைட் வெளிச்சத்தில், காரின் நெற்றியில் சந்தனம் அப்பின ஒரு இருட்டுக் கட்டி. அதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. என் முகத்தைப் பார்த்தே அவர் கேட்டார்:

"தம்பி, அணைஞ்சி பூட்ச்சா?"

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் நான் டேப்பைப் பிய்த்திருக்க வேண்டும். எரிய வேண்டும் என்பதுதானே எனக்குக் கொடுத்த வேலை? பிய்த்திருந்தால் எரிந்திருக்கும். அந்தப் பெண் அபசகுனம் என்ற ஒரு வார்த்தையைத் தலையில் சுமந்துகொண்டு மண்டபம் போயிருப்பாள். பிய்க்காவிட்டால் ஏழுமலை அண்ணன் ஊர் கண்ணுக்கு முன்னால் எரியாத காரை ஓட்டிக்கொண்டு போவார். இரண்டும் கேவலம். எதை அவரால் பின்னால் சரி செய்துகொள்ள முடியும் என்று மட்டும் யோசித்தேன். விளக்கை நாளைக்கும் சரி செய்யலாம். அத்தையின் வாயிலிருந்து வந்துவிட்ட வார்த்தையைச் சரி செய்யச் சிலிகான் இல்லை. கையை எடுத்துவிட்டேன்.

"உள்ள எரியுதுண்ணா. நீங்க எடுங்க வண்டிய" என்றேன். அவர் நம்பவில்லை. வண்டியை எடுத்தார்.

பந்தல் முடிகிற இடத்தில் புளியமரம் ஒன்று, அதற்கப்புறம் தெருவிளக்கு இல்லாத சாலை. கார் வெளிச்சத்தை விட்டு இருட்டுக்குள் நுழைந்தது. முன்னால் நடந்துகொண்டிருந்த மேளக்காரர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அடிக்கிறதை நிறுத்திவிட்டார்.

"டேய், காரப் பாருடா!"

நான் முன்னால் ஓடிப் போய்ப் பார்த்தேன். மல்லாட்டை கறுப்பாக நின்றது. அதன் விளிம்பைச் சுற்றி, இடுப்பு வளைவில், கிளிமூக்கு நுனியில், பின்னாலிருந்து வருகிற வெளிச்சம் கிரில்லில் விழுந்து தங்க ஓரம் கட்டின மாதிரி வழிந்துகொண்டிருந்தது. நடுவில் மூன்று குங்குமப் பொட்டு. கோடு கோடாக நான் செதுக்கினதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இன்றைக்கு நம் மேசையில் முன்னால் ஒரு கெட்டித் தகடு, பின்னால் விளக்கு என்று இரண்டாகச் செய்கிறோமே, முன்தகடு சந்தனத்துக்கும் நெருப்புக்கும், பின்தகடு நமக்கு என்று, அந்த வழக்கம் அந்தப் புளியமரத்தடியில் ஆரம்பித்ததுதான். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பேச வேண்டாம். ஒரு அத்தை என் மணிக்கட்டில் அடித்தாள், அவ்வளவுதான்.

தெரு ஜனம் முழுக்கக் காருக்கு முன்னால் வந்து நின்று பார்த்தது. பார்க்காதவர்கள் இரண்டே பேர். காருக்குள்ளே இருந்தவர்கள். யோசித்திருக்கிறீர்களா? நாம் செய்கிற எந்த எம்ப்ளத்தையும் அதற்குச் சொந்தக்காரர் ஓட்டும்போது பார்க்க முடியாது. ஊருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஏழுமலை அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டு, வழி நெடுக, "தம்பி, எரியுதா?" என்றார். "எரியுதுண்ணா." கொஞ்ச தூரம் போனதும் பின்சீட்டிலிருந்து சுமதி தலையை நீட்டி, "அண்ணா, நெஜமாவே எரியுதா, எங்க அண்ணனுக்காக சொல்றீங்களா?" "எரியுதும்மா!" மறுபடியும் அவர். மறுபடியும் இவர். தொண்டை கட்டுகிற வரை எரியுது எரியுது என்று கத்திக்கொண்டே காருக்குப் பக்கத்தில் நடந்தேன். நடந்துகொண்டே நானும் அந்தத் தங்க ஓரத்தை எட்டி எட்டிப் பார்த்தேன். ஊற்றின ஆலத் தண்ணீர் எங்கேயாவது புகுந்திருந்தால் எந்த நிமிடமும் போய்விடும்.

போகவில்லை.

மண்டபத்து வாசலில் பெரிய கண்ணாடிக் கதவு. கார் நேராக அதன் முன்னால் போய் நின்றது. ஏழுமலை அண்ணன் ஓட்டிய அந்த வீட்டுக்காரர்கள் உட்பட எல்லோரும் படியில் நின்றார்கள். உள்ளேயிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். ஏழுமலை அண்ணன் இறங்கிக் கதவைத் திறந்துவிட வேண்டும். இறங்கவில்லை. முன்கண்ணாடி வழியாக எதிரே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவில் அவர் கார் தெரிந்தது. அதன் நெற்றி தெரிந்தது. வீடு கட்டுகிறவன் சாரத்தைப் பிரித்ததும் முதல் தடவை பார்ப்பானே, அப்படிப் பார்த்தார். மண்டபத்து நாயனக்காரர் வாசித்த பாட்டை முடித்துவிட்டு, அடுத்ததை ஆரம்பிப்பதா வேண்டாமா என்று அவரையே பார்த்தார்.

நான் ஜன்னல் பக்கம் குனிந்தேன். இத்தனை பாடுபட்டதற்கு ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். அந்த வயதில் அப்படி நினைப்பேன்.

"தம்பி" என்றார், கண்ணை எடுக்காமல். "மூக்கு சோத்தாங்கைப் பக்கந்தானே பாக்கச் சொன்னேன்? இது பீச்சாங்கைப் பக்கம் பாத்துக்கினு இருக்குதே?"

"அது கண்ணாடிண்ணா! கண்ணாடில அப்படித்தான் தெரியும்!" என்று கத்தினேன்.

"அப்படின்ற?" என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நம்பின மாதிரி தெரியவில்லை. கார்க் கதவைத் திறந்து இறங்கினார். படியில் நின்ற யாரையும் பார்க்கவில்லை. முன்னால் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் காரின் முகத்துக்கு நேராக நின்றார். மூக்கு சரியான பக்கம்தான் இருந்தது. நின்றுகொண்டே இருந்தார்.

பின்சீட்டிலிருந்து பட்டுப் புடவையோடு எட்டி, வளையல் கையால் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார் சுமதி.

"அண்ணா! நான் எறங்கணுமா, வேணாமா?"